ஐந்து மணிக் குரல்

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலை என்னுடையது. அப்போதெல்லாம் ரேடியோ வைத்துக் கேட்பதற்கே அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். போடி தபாலாபீசில் சின்னப் புத்தகம் ஒன்றை நீட்டினால் வில்லை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த முத்திரையின் மேல் தனிக் கர்வம். ஊரில் எத்தனையோ பேர் காதால் கேட்கிறார்கள். முத்திரையோடு கேட்கிறவள் நான்.

ரேடியோ அப்பாவுடையது. மூன்று பேண்டு. கரண்டிலும் ஓடும், செல் போட்டாலும் ஓடும். காலையில் செய்தி கேட்டுவிட்டு அப்பா ஏலக்காய் மூடை அடுக்கும் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் கைக்கு வந்துவிடும். சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, பெயர் வாயில் நுழையாத நாடுகளைப் பிடிப்பேன். எந்தத் தேதி, எத்தனை மணி, முள் எங்கே நின்றது, குரல் எவ்வளவு தெளிவு, என்ன பேசினார்கள் என்று நோட்டில் குறித்து அந்த நிலையத்துக்கே எழுதிப் போட்டால், நீ கேட்டது எங்களைத்தான் என்று வண்ணப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அப்படி என்னிடம் பதினேழு அட்டை சேர்ந்திருந்தது. பாப்பாவுக்கு மாப்பிள்ளை சீமையிலதான் அமையும் போலிருக்கு என்று தபால்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு ஆடி மாதத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாற்பத்தொரு மீட்டர் அலைவரிசையின் ஓரத்தில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் ஒரு ஆண் குரல் தமிழில் பேசியது. பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை, பேர் ஊர் இல்லை.

"பதில் வராதுன்னு தெரியும். சொல்றேன், கேட்டுக்க. நாளைக்கு வெள்ளனா குரங்கணிக்கு ஜீப்பு வேணும். காச்சக்காரர் ஒருத்தரு, மூடை ரெண்டு."

இரண்டே நிமிஷம். பிறகு வெறும் இரைச்சல்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அது என் தாய்மாமாவின் குரல். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன இடத்தில், எங்கள் ஆட்கள் அல்லாத, பாதி மலையாளம் பேசுகிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அன்றோடு அவர் செத்ததாகக் குடும்பம் தலை முழுகிவிட்டது. முன்னால் நின்று முழுகியவர் அப்பா. வீட்டில் மாமாவின் பெயர் எடுக்கக் கூடாது. மாமா, ஜீப் ரோடு முடிகிற குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பம்பு மோட்டார், ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு என்று சகலமும் ரிப்பேர் பார்க்கிறவராக இருந்தார். பழைய ரேடியோக்களைப் பிரித்து, பேசுகிற பெட்டி ஒன்றைத் தானே செய்துகொண்டார். மேலே இருக்கிறவர்களுக்கு நோய்நொடி என்றால் அரை நாள் நடந்து இறங்கித்தான் ஜீப்புக்குச் சொல்ல வேண்டும். அதனால் மாமா பெட்டியில் பேசுவார். போடியில் ஒரு ஜீப் டிரைவர் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து சாதாரண ரேடியோவில் கேட்டுக்கொள்வார். அவரால் திரும்பப் பேச முடியாது. மாமாவின் பெட்டிக்கு லைசென்ஸ் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைப் பற்றியும் ஜீப் டிரைவரைப் பற்றியும் அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் முதல் நாளே, முதல் வார்த்தையிலேயே, அம்மாவுக்கு அது தம்பி என்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஐந்து மணியானால் அம்மா அடுப்படி நிலையில் வந்து சாய்ந்து நிற்பாள். கையில் முறமோ கரண்டியோ இருக்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்வாள். குரல் வராத நாளில், அந்தாளு இன்னைக்கு இல்லையாத்தா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்பாள். அம்மாவுக்கும் சிற்றலைப் பித்து பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். முள்ளை நகர்த்தக்கூடக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நாள் அந்தக் குரல், ஜீப்பு விஷயம் சொல்லி முடித்துவிட்டு, "வீட்ல முழுகாம இருக்கு, அஞ்சு மாசம்" என்றது. அன்றைக்கு விசேஷம் எதுவும் இல்லாமலே அம்மா இனிப்புப் பணியாரம் சுட்டாள். நான் நோட்டில் 'அஞ்சு மாசம்' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, சங்கேதம் என்று அடைப்புக்குள் எழுதினேன். காச்சக்காரர் என்றால் கஞ்சா, மூடை என்றால் சந்தனக்கட்டை, மாசம் என்றால் மைல். இப்படி ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

பெயர் சொல்லாத நிலையத்துக்கு அட்டை கேட்டு எங்கே எழுதுவது? அதுதான் என் கவலை. வெளிநாட்டு நிலையம் ஒன்று அனுப்பிய கையேட்டில் அதற்கும் வழி இருந்தது: அடையாளம் தெரியாத குரல் கேட்டால் உங்கள் நாட்டின் கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். தபாலாபீசில் முத்திரை குத்துகிறவரிடமே விலாசம் வாங்கினேன். இருபத்திரண்டு நாள் கேட்டதைக் கட்டம் போட்டு எழுதி அனுப்பினேன். அட்டையில் என்ன படம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அட்டை வரவில்லை. பழுப்பு உறையில் கடிதம் வந்தது. அரசாங்கக் காரியமாக என்று மேலே அச்சடித்திருந்தது. தொடர்ந்து கேட்டு எழுதும்படியும், நேரில் வருவோம் என்றும் இருந்தது. அப்பா அதைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அம்மா அன்று சோறு போட்டுக்கொண்டே, "இதெல்லாம் நமக்கெதுக்குத்தா. யாரோ அவஞ் சோலிக்குப் பேசிக்கிட்டிருக்கான். விட்ருத்தா" என்றாள். அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல், "கவருமெண்டே பொம்பளப் புள்ளைகிட்ட உதவி கேக்குது. நீ சும்மா இரு" என்றார். அம்மாவால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அது யார் என்று சொன்னால் அப்பாவே மலைக்கு வழி காட்டிவிடுவார். தம்பிக்குத் தகவல் அனுப்பவும் வழியில்லை. ஜீப் டிரைவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. மாமா பேசுவார், அவள் கேட்பாள். அந்தப் பெட்டியில் பேச்சு ஒரு பக்கம்தான் போகும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கூரையில் வளையம் வைத்த வேன் ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள், மூன்றாமவர் வேனிலேயே இருந்தார். பெரியவர் என்னைப் பெரிய மனுஷியாக மதித்து விளக்கினார். குரல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, முள்ளில் கொஞ்சம் முன்னும் பின்னும் போகிறது, இரண்டு நிமிஷத்துக்குள் தேடிப் பிடித்து வளையத்தைத் திருப்ப நேரம் போதவில்லை. உனக்குத்தான் அதன் போக்கு தெரியும், நீ பிடித்துச் சொன்னால் வேனில் திசை பார்த்துவிடுவார்கள். இன்றைக்குப் போடியிலிருந்து ஒரு கோடு, நாளைக்குப் பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஆள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புதன்கிழமையென்றால் குரல் எப்போதும் கொஞ்சம் மேலே ஏறித்தான் வரும் என்று சொன்னேன். அன்று புதன்.

அம்மா காபி கொடுத்தாள். மறுபடியும் காபி கொடுத்தாள். முறுக்கு எடுத்து வந்து வைத்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரேடியோ விளக்கு அணைந்தது.

"கரண்டு போச்சு. இனி ராத்திரிக்குத்தான் வரும்" என்று நடையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

பக்கத்து மாவு மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. கேட்பதில் கெட்டிக்காரியான என் காதிலும். மீட்டர் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி அம்மா இடுப்பில் செருகியிருந்தாள். நான் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், சாதாரணமாக.

அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நான் ஓடினேன். அப்பாவின் மூன்று செல் டார்ச்சைத் திருகி, செல்களை எடுத்து ரேடியோவின் முதுகில் போட்டேன். விளக்கு எரியவில்லை, ஆனால் இரைச்சல் வந்தது. பெரியவர் சிரித்து, "படு சுட்டி" என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை, பெருமையில் வாயடைத்துப் போனதாக நான் எடுத்துக்கொண்டேன்.

முள்ளைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். குரல் அங்கேதான் இருந்தது.

"பதில் வராதுன்னு தெரியும். சொல்றேன், கேட்டுக்க. வீட்ல எட்டு மாசம். கால் வீங்கியிருக்கு. கம்பவுண்டரு பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரச் சொல்றாரு. மழ வெறிச்சதும் இறக்கிருவேன். அடுத்த வாரம் பூரா ஜீப்ப குரங்கணியிலயே போட்டு வையி, அண்ணே. வேற லோடு ஏத்தாத."

சின்ன அதிகாரி எழுதிக்கொண்டே, லோடு என்றால் என்னவாக இருக்கும் என்று கேட்டார். நான் என் நோட்டைப் புரட்டிக் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வேனின் வளையம் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்து நின்றது.

மறுநாள் சிலமலையிலிருந்து இரண்டாவது கோடு போட்டார்கள். அவர்களுக்கு இடம் பழகிவிட்டதால் நான் வேண்டியிருக்கவில்லை; அதில் எனக்குக் குறைதான். பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தில் நானே ஸ்கேல் வைத்து இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் பச்சை மட்டும் இருந்தது. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பல்வலி என்றாள். ஐந்து மணிக்கு மட்டும் வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை குரல் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அன்று சாயங்காலம் அப்பாதான் கிட்டங்கியில் கேட்ட சேதியோடு வந்தார். மேலே போலீஸ் ஏறியதாம், ஆளைப் பிடித்து, பெட்டியைக் கோவேறு கழுதையின் மேல் கட்டி இறக்கினார்களாம். ஆள் யார் என்பதும் அவருக்கு அதற்குள் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. என் தலையைத் தடவ வந்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். நான் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, நிலையம் மூடப்பட்டது என்று எழுதினேன்.

மாமா பிடிபட்டது தெரிந்ததும் ஜீப் டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பம் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். அடுத்த வாரம் மலையில் மழை விட்டு வெறிக்கவே இல்லை. நாலு பேர் கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் மாமாவின் மனைவியைப் படுக்கவைத்து இறக்கினார்கள். ஓடையில் வெள்ளம் வடிவதற்காக ஒரு பொழுது முழுக்கக் காத்திருந்தார்களாம். குரங்கணிக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. ஜீப் ரோட்டில் ஜீப் இல்லை. போடிக்கு ஆள் ஓடி, வேறு வண்டி பேசி வருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

குரங்கணியிலிருந்து சேதி வந்ததும் அம்மா முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பா குறுக்கே நின்று, எங்கே என்றார்.

"எந் தம்பி பொண்டாட்டி செத்துக் கெடக்கா. போறேன்" என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அப்பா ஒதுங்கி நின்றார். எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்பதையே மறந்திருந்த நான், மலைக்குப் போகிற ஆசையில் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் தடுக்கவில்லை.

குரங்கணியில் ஏலமூடை அடுக்குகிற தகரக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிக்கு வெளியே வெள்ளையாக இரண்டு பாதம் தெரிந்தது, விரல் இடுக்கில் சேறு. அம்மா அந்தப் பாதத்தைத்தான் முதலில் பிடித்தாள். உயிரோடு இருக்கும்போது அவள் பார்த்திராத பெண். சேலைத் தலைப்பால் சேற்றை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியாக, தாடி வளர்ந்து, ஒரு கையில் விலங்கோடு இருந்தார். கொள்ளி வைக்க விட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் அழவில்லை. அம்மாவைப் பார்த்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம பாப்பாவாக்கா இது. வளந்துருச்சே" என்றார். விலங்கு இல்லாத கையை என் தலையில் வைத்தார். பிறகு தூக்க வந்தவர்களிடம் திரும்பி, பாதை வழுக்கும், மெதுவாகத் தூக்கச் சொன்னார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சந்தேகமே இல்லை. மூன்று மாதம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட குரல். இரைச்சல் இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், இரண்டு முழத் தூரத்தில். நான் அம்மாவின் சேலையை இழுத்தேன்.

"அம்மா, அந்த அஞ்சு மணிக்காரரு இவருதாம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்த்தா. பேசாம நில்லு" என்றாள்.

நான் சேலையை விட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. நோட்டு எழுதியவள் நான், முள்ளைப் பிடித்தவள் நான், அதிகாரிகளுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றவளுக்கு எனக்கு முன்னால் எப்படித் தெரிந்தது? திரும்பி வரும்போது பஸ்சில் அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் அல்லவா முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் போடி வந்து சேரும்வரை எனக்குத் தீரவில்லை.