சாயம் காயட்டும்

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயதோ ஆறோ. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, கரங்கானில் வாழ்க்கைப்பட்டவள். எங்களுடையது பாக்கார் ஆராங்கில் ஒரு பழைய வரிசை வீடு. அதன் பின்னறையில் சுற்றாத விசிறி, தீபாவளி முறுக்கு டின்கள், யாரும் கேட்காத ஒரு ரேடியோ எல்லாம் குடியிருந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு அத்தைக்குப் பாய் விரித்தார்கள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவாங்க" என்றாள் அம்மா. என்னிடம் சொல்வதுபோல் அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அத்தையோ போகிறவள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. வந்த மறுநாளே அம்மாவின் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். மேலே பச்சை, அதற்கடியில் அழுக்கு ரோஸ், அதற்கும் அடியில் சுண்ணாம்பு நீலம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சுரண்டச் சோம்பல்பட்டு மேலே மேலே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை சுரண்டினாள், விரிசல்களை அடைத்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள். வேலை செய்யும்போது பேசமாட்டாள். நான் வாயை மூடமாட்டேன். கழுத்தில் ஏன் ஒன்றும் இல்லை என்று ஒருநாள் கேட்டேன். "சாயம் பட்டுருமேன்னு கழட்டி வச்சிருக்கேன். காயட்டும்" என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவுக்குத்தான் அந்த அறை பிடிக்கவில்லை. வாசல்வரை வந்து எட்டிப் பார்ப்பார். "நாலு நாள் இருக்கப் போறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ வேலை?" என்பார். உள்ளே கால் வைக்கமாட்டார். அறை முடிந்துவிட்டால் தங்கை தங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

மூன்று சுவர்கள் மஞ்சளாகிவிட்ட நிலையில், அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அறையில் அலமாரி கிடையாது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டித் துணி மாட்டிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். "தவ்கே, தாலி அடா? குவாட் புன்யா" என்று சீனக் கடைக்காரரிடம் மலாயில் கேட்டாள், நல்ல உறுதியானதாக வேண்டுமென்று. அவர் நீல நைலான் சுருள் ஒன்றை எடுத்து வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். "இனி தாலி, தா போலே புத்துஸ் லா!" என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அறவே அறாதாம் என்றாள் அத்தை. வீட்டில் எங்களுக்குக் கயிறு கயிறுதான். மலாயில் அதற்குத் தாலி என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. தாலியில் நீலமும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரங்கானிலிருந்து அத்தையின் நாத்தனாரும் அவர் கணவரும் வந்தார்கள், அத்தையைக் கையோடு அழைத்துப்போக. மாமா வரவில்லை, காரில் இடம் இருந்தும். "நடந்தது நடந்துபோச்சு. பெட்டிய எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார் நாத்தனார். அத்தை கையில் பிரஷ்ஷோடு நின்றாள். அந்த அம்மாளின் பார்வை மேலும் கீழும் போய்க் கழுத்தில் வந்து நின்றது.

"தாலி எங்கம்மா?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தையின் முகம் போன போக்கை என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேரில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"தாலி ரூமுல இருக்கு! நானும் அத்தையும் தவ்கே கடையில புதுசு வாங்கிட்டோம். இது அறவே அறாதாம்!"

சொன்னதோடு விட்டேனா? ஓடிப்போய் நீலச் சுருளை எடுத்துவந்து அந்த அம்மாளின் மடியிலேயே வைத்தேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "அது துணி மாட்டுறதுக்கு அண்ணி" என்றாள் கடைசியில். "இன்னும் ஒரு செவுரு பாக்கி இருக்கு. நான் வரல."

நாத்தனார் கயிற்றை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "தம்பி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா லா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கார்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்தவர் தரையில் கிடந்த கயிற்றை எடுத்தார். நேராகப் பின்னறைக்குள் போனார்.

"ஆணி எங்கம்மா அடிக்கணும்?"

எனக்கு அடி நிச்சயம் என்று கட்டிலுக்கடியில் கிடந்தேன். அடி விழவில்லை. அத்தை பால் டின்னைத் தாராளமாகக் கவிழ்த்து மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

நாலாவது சுவரும் மஞ்சளானது. கயிற்றில் அத்தையின் சேலைகள் தொங்கின. கழுத்து மட்டும் அப்படியே இருந்தது. சாயம் இன்னும் காயவில்லையாக்கும் என்று எனக்குக் கவலை. காலையில் எழுந்ததும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். விரலில் ஒன்றும் ஒட்டாது. "காஞ்சிருச்சு அத்தை" என்பேன். "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, மலாய் வகுப்பில் தாலி என்றால் கயிறு என்று படித்த பிறகும், சுவரைத் தொட்டுப் பார்ப்பதை நான் விடவில்லை.