பின்கதவுச் சங்கிலி

டீசல் புகையும் வெள்ளைப் பவுடரும் சேர்ந்த வாசனை... நாக்கில் சுண்ணாம்பு மாதிரி ஒரு கரிப்பு. ஃபிஜித் தீவில், லௌடோகா ஊர் கார்மெண்ட் ஃபேக்டரியில் எங்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி நடந்த நாள், நண்பர்களே.

முற்றத்தில் பாதியாக வெட்டிய டிரம்மில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார் பயிற்சி ஆபீசர். தீயணைப்பானின் பின்னை இழு, நெருப்பின் அடியைப் பார்த்து அடி, இடவலமாக ஆட்டு என்றார். நானோ எதிர்க்காற்றில் போய் நின்று, அடித்த பவுடரையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டேன்.

"கரும்பு கொளுத்தற வூட்ல பொறந்துட்டு, காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பாக்கல பாரு!" என்று பக்கத்து மிஷின் பாக்கியம் அக்கா மானத்தை வாங்கினார். பக்கத்து ஊர் லோவுவில் எங்கள் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம். இந்தக் கூத்தை வீட்டில் சொல்லவே இல்லை.

அடுத்தது டிரில். மணி அடித்ததும் நாற்பது பெண்களும் முன்வாசலுக்கே ஓடினோம். ஒரே நெரிசல். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சுவரோடு நசுங்கி அழுதாள்.

ஆபீசர் பின்கதவுக்குப் போய், அதில் தொங்கிய சங்கிலியைக் கையில் எடுத்தார். "உள்ளே நெருப்பு வந்தால் இதை யார் திறப்பது?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சங்கிலியை முதலாளியிடம் கேட்டு வாங்கியதே நான்தான். நம் இந்தியர் இருந்த ஆட்சியைப் பூர்வகுடி ஃபிஜியர் சிலர் கவிழ்த்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தலைநகர் சூவாவில் நம்மவர் கடைகளை உடைத்த செய்தி கேட்டதிலிருந்து யாருக்கும் தூக்கமில்லை.

"வெளியே இருந்து ஆள் வந்தா யார் தடுப்பாங்க சார்?" என்றேன்.

அவர் சங்கிலியை மறுபடி தொங்கவிட்டார்.

அப்போதுதான் மேரே முன்னால் வந்தாள். பேக்கிங் பகுதியில் இருந்த ஒரே பூர்வகுடி ஃபிஜியப் பெண். யாருக்குப் பயந்து அந்தச் சங்கிலி என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவளும் எங்களோடு உள்ளேதான் பூட்டிக் கிடந்தாள்... அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

தன் மேஜையைத் தரதரவென்று இழுத்துவந்து பின்கதவுப் பக்கம் போட்டாள்.

"ஹம் ஹியான் பைட்டேகா," என்றாள், அங்கே இந்தியர் எல்லாரும் பேசும் எங்கள் ஹிந்தியிலேயே. நான் இங்கே உட்காருகிறேன், எவன் வந்தாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும், சங்கிலியை எடுங்கள் என்றாள்.

எடுத்தேன்.

மறுபடி டிரில். பாதிப் பேர் பின்பக்கம், பாதிப் பேர் முன்பக்கம். ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவுக்குச் சங்கிலி போடவில்லை. மேரேயின் மேஜையும் இடம் மாறவில்லை.

ஆனால் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிட்னி, ஆக்லாந்து என்று மாதம் ஒருத்தி. பாக்கியம் அக்கா போனார். எனக்கும் விசா வந்தது.

கடைசி நாள் மேரேதான் எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டாள். "நெருப்பே இல்லை, எல்லாரும் வெளியே போறீங்க," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஆக்லாந்தில் ஒரு கிடங்கில் வேலை. கதவுமேல் பச்சை விளக்கு, தள்ளினால் திறந்துகொள்ளும். பக்கத்தில் யாரும் காவல் உட்கார வேண்டியதில்லை. நல்லதுதான்.

ஆனாலும் ஒவ்வொரு டிரில்லிலும், வெளியே வந்து தலைகளை எண்ணும்போது... கணக்கு சரியாக இருந்தாலும் ஒருத்தியைத் தேடுகிறேன்.