ஒச்சாண்டி கொளுத்தச் சொன்ன சூடம்

1938 வாக்கில் போடியில் பஸ் ரிப்பேர் என்றால் ஒச்சாண்டிதான். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். டேங்க்கில் மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் ஏறிய இடத்தைப் பார்த்து, இந்த வண்டி குமுளி ஏறுமா ஏறாதா என்று அடித்துச் சொல்வார். கெட்டிக்காரர், மறுக்கவில்லை. "தெரியாது" என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே கிடையாது. அதனால் ஒரு மனிதன் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஏலத்தோட்டக்காரர் கோட்டைச்சாமி ஒரு பந்தயக் கார் வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். ஒரு மூட்டை ஏலக்காய் ஏற்ற முடியாத வண்டி எதற்கு என்று ஊரே சிரித்தது. அதை ஓட்ட அய்யாத்துரையை வைத்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; பீடிகூடக் குடிக்காதவர்.

மாலையில் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினால் மீட்டர் முள் உச்சியில் நிற்கும். காலையில் பார்த்தால் பாதிக்கு இறங்கியிருக்கும். இரண்டு தடவை இப்படி ஆனதும் கோட்டைச்சாமி காரோடும் டிரைவரோடும் ஒச்சாண்டியின் ஷெட்டுக்கு வந்தார்.

"பாருய்யா ஒச்சாண்டி, கோளாறு மீட்டருலயா, இவன் கையிலயா?"

அந்த டேங்க்கின் வாய் வளைந்திருந்தது, குச்சி இறங்கவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒச்சாண்டி மீட்டர் கண்ணாடியைத் தட்டினார், பின்னால் வயரை இழுத்துப் பார்த்தார். டேங்க்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் நின்றால் மானம் போகுமே!

"மீட்டரு நல்லாத்தான் இருக்கு மொதலாளி."

அய்யாத்துரை ஆடிப்போனார். "அண்ணே, நான் ஒரு சொட்டுக்கூட எடுக்கலண்ணே."

"எடுக்கலேன்னா என்ன, காளியாத்தா கோயிலு இங்கனதான இருக்கு? சூடத்தைக் கொளுத்தி, அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணு. முடிஞ்சு போச்சு" என்றார் ஒச்சாண்டி.

"எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்குண்ணே. உள்ளதைச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

"மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குப் பயம்?" என்றது கூட்டம். சூடத்துக்குப் பயந்தவன் திருடன்தான் என்று தீர்ந்துபோனது. அன்றே வேலை போயிற்று. அதற்குப் பிறகு போடியிலும் கம்பத்திலும் எந்த பஸ் முதலாளியும் அவரைச் சேர்க்கவில்லை. தேனியில் ஒரு பஞ்சு மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார்.

பத்தே நாளில் அதே கார் மறுபடி வந்தது. இப்போது டிரைவரே கிடையாது. கார் நிற்கும் கொட்டகையின் சாவி கோட்டைச்சாமியின் இடுப்பில். ஆனாலும் காலையில் முள் பாதியில்.

இந்தத் தடவை ஒச்சாண்டி டேங்க்கைத் திறந்தார். பெட்ரோல் வாய்வரை நிறைந்திருந்தது. முள்ளை ஏற்றி இறக்கும் பித்தளை மிதவையை வெளியே எடுத்துக் குலுக்கினார். உள்ளே களக் களக்கென்றது. மயிரிழை ஓட்டை. ராத்திரியெல்லாம் பெட்ரோல் உள்ளே கசிந்து, மிதவை கனத்து, முங்கியிருக்கிறது. அதோடு முள்ளும் இறங்கியிருக்கிறது. பகலில் வண்டி ஓடி டேங்க் குறைந்ததும் உள்ளே போனது வடிந்து, மிதவை மறுபடி லேசாகியிருக்கிறது.

"அட, அப்படியா சேதி" என்றார் கோட்டைச்சாமி. புது மிதவை மாட்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வெட்கம் அவ்வளவுதான்.

ஒச்சாண்டிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "காய்ச்சலா?" என்று மனைவி ராக்கம்மாள் கேட்டதற்கு ஆமாம் என்றார். அது இன்னொரு பொய். நாலாம் நாள் ஓட்டை மிதவையை வேட்டி மடியில் செருகிக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினார்.

மில் வாசலில் அய்யாத்துரை மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். தலையெல்லாம் பஞ்சு. மற்ற சுமைக்காரர்களும் நின்று பார்த்தார்கள். வெட்கத்தில் ஒச்சாண்டிக்கு நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிதவையை நீட்டினார்.

"ஓட்டை இதுலதான் அய்யாத்துரை. அன்னைக்கு எனக்கு அந்த மீட்டரைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. உன்னையத் திருடனாக்கிட்டேன்."

அய்யாத்துரை மிதவையை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். ஒச்சாண்டி மடியைத் துழாவி ஒரு சூடக் கட்டியை எடுத்தார்.

"நாளைக்கே வா. பஸ் மொதலாளிக அம்புட்டுப் பேரையும் ஷெட்டுல நிறுத்தி வச்சு இதைச் சொல்றேன். நம்பலையா? இந்தா, இங்கனயே கொளுத்தி, அணைச்சு சத்தியம் பண்றேன்."

அய்யாத்துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாண்ணே. நீங்க சொன்னாப் போதும்."

அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் ஒச்சாண்டி நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பார்.