எதிர்ப்பக்கம் நடந்த ஏழாம் வகுப்பு

எங்கள் அக்கா கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபின் ஆசிரியர் பயிற்சி முடித்து, தம் திருமணத்தைத் தள்ளிவைத்து, என்னை முதுகலைவரை படிக்கவைத்தார். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையானார். பின்னாளில் அங்கேயே நான் தலைமையாசிரியராக வந்தேன். இனி எழுதப்போவது எனக்கே அருவருப்பானது.

முழுக்களைக் கற்பிக்க அக்கா ஏழாம் வகுப்பைப் பாதைக்கு அழைத்துப் போனார். பள்ளி வாசலில் இருந்த விளக்குக் கம்பத்தில் சாக்பீஸால் பூஜ்யம் எழுதினார். வலம் வரும் திசை மிகை, எதிர்த்திசை குறை.

"அஞ்சு கம்பம் முன்னால போங்க. அங்கேருந்து எட்டு கம்பம் திரும்பி வாங்க. எங்க நிக்கிறீங்க?"

"வாசலைத் தாண்டி மூணாவது கம்பம், டீச்சர். குறை மூணு."

"மிகை மூணுல நிக்கிறவளும் நீயும், யாரு வாசலுக்குக் கிட்ட?"

"ரெண்டு பேரும் ஒரே தூரம்."

"அதான் மட்டு மதிப்பு. எந்தப் பக்கம்னு கேக்காது. எவ்ளோ தூரம்னுதான் கேக்கும்."

மறுநாள், அதே பாதையில் கடை வைத்திருந்த பள்ளிக் குழு உறுப்பினர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அக்காவையும் வரச்சொன்னேன். "சாமிய சுத்தற பாதையில புள்ளைங்கள எதிர்ப்பக்கமா நடக்க வுட்டிருக்காங்க, சார். இது ஆவுமா?"

"உங்க கடைக்கு தினமும் எந்தப் பக்கமா போறீங்கண்ணே?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு விருதுக்கு என் பெயரை அந்தக் குழுதான் பரிந்துரைக்க இருந்தது. அவர் போனதும், "நாளைக்குக் காலைக் கூட்டத்துல தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

பள்ளியில் என்னை 'சார்' என்றே அழைப்பவர், "தப்புன்னு நீ நினைக்கிறியா, தம்பி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா."

மறுநாள் காலை அக்கா எல்லாப் பிள்ளைகள் முன்பும் மன்னிப்புக் கேட்டார். ஈரத்துணியால் கம்பங்களைத் தாமே துடைத்தார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். அதுவும் போதாமல், கணக்கு வகுப்பைப் பறித்துக் கைத்தொழில் வகுப்பைக் கொடுத்தேன். விருது வந்தது. அன்று போர்த்திய சால்வையை அக்காதான் மடித்து வைத்தார்.

கடைசி மூன்று மாதங்கள் அவர் படுக்கையில் இருந்தார். தினமும் போனேன். பவுர்ணமிக் கூட்டம், பஸ் நெரிசல் என்று பேசிவிட்டுத் திரும்பினேன். "ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கே" என்றார் ஒருநாள். "ஒண்ணுமில்லக்கா. வெயில் ஜாஸ்தி" என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துப் பெண்களுக்கும், செவிலியர்களுக்கும், பாடையைச் சுமந்த பழைய மாணவர்களுக்கும் நன்றி. அந்த மாணவர்களில் அன்றைய ஏழாம் வகுப்பாரான நீங்களும் இருந்தீர்கள். உங்கள் டீச்சர் தவறு செய்யவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.