மதலேனாள் விட்ட பாய்

உட்காருவதற்கு முன் மதலேனாள் மெத்தையை இரண்டு தட்டுத் தட்டுவார், முரட்டு மாட்டின் முதுகில் தட்டுவதைப் போல. "அசையாம இரு, இந்தா வந்துட்டேன்" என்பார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவார். உடம்பு பஞ்சுக்குள் புதையப் புதையக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முழுங்கிருச்சு ஆத்தா, முழுங்கிருச்சு" என்று முனகுவார்.

எங்கள் அடுத்த வீட்டு மதலேனாளுக்கு அறுபது வயது இருக்கும். சின்னமனூர் வாய்க்கால் பாய்கிற வயல்களில் நாற்று முடியை முதலில் பிரித்து நடுபவர் அவர்தான். அவர் கைவேகத்துக்குத்தான் மற்றப் பெண்கள் வந்தாக வேண்டும். நாள் முழுவதும் சேற்றில் குனிந்தபடி பின்னோக்கி நடந்தாலும் அந்த இடுப்புக்கு ஒன்றும் ஆகாது. படுத்து எழுந்தால்தான் பூட்டிக்கொள்ளும். "குனியச் சொன்னா குனியும். நிமிரச் சொன்னா மொறைக்கும். எம் மாமியா மாதிரி" என்பார். விடியலில் நான் போய்த் தோள் கொடுத்தால்தான் எழுந்து நிற்பார். எனக்கு அதிகம் பேச வராது. எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார்.

மகன் பங்கிராஸ் கூடலூரில் இருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமார் மலைமேல் கட்டுகிற அணைக்குச் சுண்ணாம்பு சுடும் சூளையில் வேலை. தாயார் எழுகிற பாட்டை ஒரு காலையில் பார்த்துவிட்டுப் போனவர், தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய வாரம் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெருவுக்கு மெத்தை வந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"துரைமாரு இதுலதான் படுக்காக. ஒருத்தருக்கும் இடுப்பு வலி கிடையாது" என்றார் பங்கிராஸ்.

"அவுக நாத்து நட்டாகளாலே?"

"பேசாம படு ஆத்தா. தவசு முடிஞ்சு பாஸ்காவுக்கு வருவேன். அப்பமும் ஆள் வச்சுத்தான் எந்திரிச்சேன்னா, வண்டியில தூக்கிப் போட்டுக் கூடலூருக்குக் கொண்டு போயிருவேன். இங்கன ஒத்தையில விடமாட்டேன்."

"அங்கன எனக்கு என்ன சோலி? சூளைப் புகையை எண்ணிக்கிட்டு உக்காரவா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் வண்டி போன பிறகு வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நடவுக்குப் போகாத மதலேனாளை எனக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் சில நாட்கள் படுத்தவர் உருண்டு தரைக்கு வந்துவிடுவார். பிறகு ஓரமாகப் படுத்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "ஒரு காலாவது ஊர்ல இருக்கட்டும்" என்றார். குறுக்கே படுத்துப் பார்த்தார். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினார். வெயிலில் போட்டு உலக்கையால் நாலு சாத்துச் சாத்தினார். எதற்கும் அது மசியவில்லை. காலையில் என் தோளில் விழும் கை முன்னைவிடக் கனத்தது.

நாற்பது நாள் தவசு தொடங்கியதும் கோவில் உபதேசியார் மனைவி ஜெயமேரி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று கேட்டார்: "ஏன் மதினி, ஆண்டவர் சிலுவையில தொங்குறாக. நீங்க மெத்தையில பொரளுறீகளாக்கும்?"

"நீ ஒரு நா இதுல கெடந்து பாரு, சிலுவை எதுன்னு தெரியும்" என்றவர், சொன்ன வாய்க்குச் சிலுவை போட்டுக்கொண்டார். "பூசையில சாமியார் என்ன சொன்னாக? தவசுக்குச் சொகத்தை விடணும்னாக. எனக்குச் சொகம் அந்தக் கோரைப்பாய்தான். விட்டுட்டேன்."

ஜெயமேரி சிரித்த சிரிப்பில் குடம் தளும்பியது. மதலேனாள் சிரிக்கவில்லை. பாயைச் சுருட்டி அடுப்படி மூலையில் முகம் தெரியாமல் திருப்பி வைத்திருந்தார். மெத்தைமேல் பாயை விரித்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "விட்டதைக் கொல்லை வழியாக் கூப்பிடச் சொல்றியா?" என்று கேட்டார்.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பஞ்சு அவருடைய உடம்புக்குப் பள்ளம் விட்டதோ, உடம்புதான் பஞ்சுக்கு இளகியதோ. தரையில் ஊன்றிய கால் மேலே ஏறிவிட்டது. என் தோளில் கனம் குறைந்தது. ஒரு காலையில் நான் போனபோது எழுந்து நின்று கூந்தலை முடிந்துகொண்டிருந்தார். "உனக்கு முந்திட்டேன்" என்றார்.

குருத்தோலை ஞாயிறன்று கோவில் மணி அடித்தும் அந்த வீட்டில் அரவம் இல்லை. உள்ளே போனேன். முகத்தை மெத்தையில் புதைத்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டதும் திடுக்கிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் மெத்தையைத் தடவினார். திருடிய பொருள் மடியில் இருப்பதைப் பார்த்தவர் போல அவர் முகம் வெளுத்தது.

"ஏ புள்ள, இது சொகமாயில்ல இருக்கு!"

கோவிலுக்குப் போய்வந்த கையோடு மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார். பாயை விரித்தார்.

எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "ஒரு வாரந்தான சின்னம்மா. இடுப்பு திரும்பப் பிடிச்சுக்கிருச்சுன்னா அண்ணன் கூட்டிக்கிட்டுப் போயிருவாகளே."

"போனாப் போறேன். சொகத்தை விடுறேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு, ஆரும் பாக்கலைன்னு இன்னொண்ணு செய்யவா?"

யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விட்டது என்ன, எடுத்தது என்ன என்று எங்கள் இருவரைத் தவிர ஊரில் யாருக்கும் நினைவுகூட இருந்திருக்காது. அந்த வாரம் முழுவதும் அவருடைய இடுப்பு நாளுக்கு நாள் இறுகுவதைப் பார்த்தேன். கூடலூர் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. என் தோளையும் கேட்கவில்லை. சுவரோடு சுவராகத் தானே நகர்ந்து எழுந்தார். பெரிய வெள்ளியன்று பாடுகளின் பூசையில் முழங்காலிட்டவர், எழ முடியாமல் எல்லோரும் போகும்வரை ஜெபிப்பவர் போல இருந்தார்.

பெரிய வியாழனிலிருந்து எங்கள் கோவிலில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை காலைப் பூசையில் மணி திரும்ப அடித்தால் தவசு முடிந்ததாகக் கணக்கு. அன்று அவரால் கோவிலுக்குப் போக முடியவில்லை. பாயில் கிடந்தார். நான் சுக்கு வெந்நீரோடு நின்றிருந்தபோது பங்கிராஸின் வண்டி வந்து நின்றது.

அவர் முதலில் பார்த்தது கயிறு போட்டுக் கட்டிய மெத்தையைத்தான். முகம் சுருங்கிவிட்டது.

"பிடிக்கலையா ஆத்தா?"

"பிடிச்சுப் போச்சுலே. அதான் கட்டி வச்சிருக்கேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து கையை நீட்டினார். "எந்திரி. வண்டி நிக்குது."

மதலேனாள் அந்தக் கையைப் பார்த்தார், தொடவில்லை. கோவில் பக்கம் காதைக் கொடுத்துப் படுத்திருந்தார். மணி அடிக்கத் தொடங்கியது.

இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினார். உதடு உள்ளே மடிந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. நான் ஓரடி எடுத்து வைத்தேன், கண்ணாலேயே நிறுத்திவிட்டார். மணி அடித்து முடிவதற்குள் நிமிர்ந்து நின்றிருந்தார், சுவரைத் தொடாமல்.

பங்கிராஸின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. மதலேனாள் கயிற்றை அவிழ்த்து மெத்தையை உதறி, அதன் ஒரு முனையை அந்தக் கையில் திணித்தார்.

"பிடிலே. வெயில்ல போடணும்."