வாழ்க என்று அவர் சொல்லவில்லை

தொழிற்சங்கத் தலைவரைப் பற்றிய சினிமாவில் கூட்டத்தோடு நிற்க ஆள் சேர்க்கிறார்கள் என்ற செய்தி நாவலப்பிட்டிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, அப்பாதான் முதலில் பெயர் கொடுத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தொழிற்சங்கத்திலிருந்து வரும் கலண்டரில் அந்தத் தலைவரின் படம் இருக்கும். அப்பா அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே எறிந்துவிடுவார்.

காரணம் அத்தை. இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமையைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் அப்பாவுக்கு இலங்கை என்றும், அவருடைய ஒரே தங்கைக்கு இந்தியா என்றும் ஆகிவிட்டது. அப்போது தலைவர் தோட்டத்துக்கு வந்து, ஒரு குடும்பத்தையும் பிரிக்க விடமாட்டேன் என்று மேடையில் சொன்னார். அவருக்கு மாலை போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அந்த வார்த்தையை நம்பி வீட்டில் வேறு முயற்சி எதுவும் எடுக்கவில்லை. பிறகு அத்தை தலைமன்னார் போகும் கோச்சி வண்டியில் ஏறி, அங்கிருந்து கப்பலில் இந்தியா போனார். கோத்தகிரியில் கொழுந்து எடுத்தார், அங்கேயே இறந்தார். அப்பா அவரை மறுபடி பார்க்கவே இல்லை. அத்தையின் மகன் மட்டும் எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவார். அந்தத் தலைவரின் பெயரை யாராவது சொன்னால் தன் அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடும் என்று ஒருமுறை அவர் சொல்லியிருந்தார்.

படப்பிடிப்பு பௌர்ணமிப் போயா விடுமுறையில் நடந்ததால் நானும் கூடப் போனேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய புள்ளக் காம்பராவுக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். தலைவர் இறங்கி வர வேண்டும், சனங்கள் மாலை போட்டு வாழ்க என்று கத்த வேண்டும், அவ்வளவுதான்.

"என்னா மாமா, சலவ சட்டையெல்லாம்? ஐயாகிட்ட வேல கேக்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கேக்க வேண்டியது இருக்கு" என்றார் அப்பா.

நடிகர் வந்தார். வகிடு எடுத்திருந்த விதம், இடது தோளைச் சற்று இறக்கி நடந்த நடை, எல்லாம் அந்த மனிதர்தான். அப்பா மாலையைப் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை.

"பிரிக்க மாட்டேன்னு சொன்னீங்களேய்யா. என் தங்கச்சி போயிருச்சேய்யா. யாருகிட்ட போயி நான் சொல்லுவேன்?"

வேடிக்கை பார்ப்பவர்களை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா தேம்பி அழுதார். நடிகர் அப்பாவின் தோளில் கை வைத்தார், அவருடைய உதடு ஏதோ சொல்ல அசைந்தது. அதற்குள் "கட்" என்றார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த உதவியாளர் ஓடி வந்தார்.

"சூப்பர் ஐயா! அதே அழுகைய இன்னொருக்கா, இந்தப் பக்கம் பார்த்து."

"இன்னொருக்கா வராது தம்பி" என்றார் அப்பா.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அவரு என்னமோ சொல்ல வந்தாரு, பாத்தியா?" என்றார்.

"அப்பா, அது நடிகர்."

"தெரியும்மா. படத்துல சொல்லுவாருல்ல? எழுதினவங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?"

அந்தப் பதிலுக்காகத்தான் அவர் படம் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கண்டிக்குக் கூட்டிப் போனேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, மழையில் நடந்து, பகல் காட்சிக்குப் போனோம்.

இடைவேளைக்குச் சற்று முன் அந்தக் காட்சி வந்தது. திரை நிறைய அப்பாவின் முகம். கண்ணீர் வழிகிறது, வாய் அசைகிறது. ஆனால் கேட்டது கூட்டத்தின் வாழ்க, வாழ்க என்ற கோஷம். வயலின் வேறு. தலைவர் அப்பாவின் தோளில் கை வைத்து, "நான் இருக்கேன்" என்றார். தியேட்டரில் கை தட்டினார்கள்.

"நான் அப்படிச் சொல்லல்லையே" என்றார் அப்பா.

"சத்தம் போடாதீங்க பெரியவரே, படத்தப் பாருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா கடைசிவரை பார்த்தார். படத்தில் கோச்சியும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. வெளியே இரண்டு இளைஞர்கள் அவரை அடையாளம் கண்டு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். "ஐயா, தலைவர் மேல எவ்வளவு பாசம் ஒங்களுக்கு!" அப்பா குடையை விரிக்கப் பார்த்தார். நான் வாங்கி விரித்தேன்.

அந்தத் துண்டுக் காட்சி அதே வாரத்தில் போன்களில் பரவியது. கோத்தகிரிக்கும் போயிருக்கிறது. அத்தையின் மகன் அதை அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "மாமா, இது நீங்களா?"

நடந்ததை நானே அவருக்கு விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். அப்பா காட்சியை ஒருமுறை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வாழ்கன்னுதான் கேக்குது. நீ என்னா சொன்னாலும் அவனுக்கு இதுதான் கேக்கும்" என்றார்.

பிறகு போனை வாங்கி, வாயருகே வைத்துப் பேசினார். "தம்பி, சுகமா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? அது நான் இல்லப்பா. என்னைய மாதிரி யாரோ."

நான் தடுக்கவில்லை. அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் குரல் வந்தது. "நானும் அப்பிடித்தான் நெனச்சேன் மாமா. அந்த ஆளு முன்னால நீங்க போயி அழுவீங்களா? அம்மா இருந்தா சிரிச்சிருக்கும்."

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தந்தார்.

"சந்தோசமா இருக்கான்" என்றார்.