ஏழு விநாடித் தவளை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்தரி. படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை. என்னைவிட மூத்தவள் என்பதால் நான் "கத்தரி அக்கா" என்று கூப்பிடத் தொடங்கி, அவசரத்தில் அது "கத்தரிக்கா" ஆகிவிட்டது. "கூப்பிடு, கூப்பிடு. எண்ணெயில போட்டு வதக்காம இருந்தாச் சரி" என்பாள். கோபிக்க மாட்டாள். கோபமெல்லாம் என் இலாகா.

நான் அங்கே குரல். எழுதிக் கொடுப்பதை வாசிப்பேன். பிள்ளைகளுக்கான குட்டிக் குட்டிப் பாடங்கள்: ஆக்டோபஸுக்கு எதற்கு மூன்று இதயம், பழைய ஓவியர்களுக்கு நீல நிறம் ஏன் லேசில் கிடைக்கவில்லை, இடியை எந்த தேசத்துச் சாமி கையில் வைத்திருந்தது. அறிவியலோ ஓவியமோ புராணமோ, எதுவானாலும் நாலு நிமிடம். ஒரு விநாடி கூடினாலும் எங்கள் மேலாளருக்கு மூச்சு முட்டும். அதனால் அவருக்கு வைத்த பெயர் நாலுநிமிஷம். ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்களாம். யார் போய்ப் பார்த்தார்களோ!

கத்தரி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காதில் ஹெட்போன், கண்கள் மூடியிருக்கும், ஆள்காட்டி விரல் மேசையைத் தட்டி விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். என் மூச்சு, என் இருமல், நான் எச்சில் விழுங்குவது, எல்லாம் போகும். "நீ முழுங்குற எச்சில வெட்டியே இன்னொரு பாடம் போடலாம்டி" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் விரல் தட்டத் தொடங்கிவிடும். "சுருக்கமாச் சொல்லு." உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவளுக்கு நாலு நிமிடம் பேசத் தெரியும். அதற்கு மேல் கேட்டால், "அது வெட்டுல போயிடுச்சு" என்று சிரித்துவிடுவாள்.

அவள் தனி ஆள். இரண்டு தெரு தள்ளித் தங்கை வீடு. இருபது வருடமாக ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். தங்கை மகளுக்கு ஒன்பது வயது, வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். கத்தரி தன் போனில் புதுப் பாடத்தின் துண்டுகளை அவளுக்குக் காட்டுவாள். சுண்டெலி சிரித்தால் அந்தத் துண்டு பிழைத்தது. கொட்டாவி விட்டால் போச்சு.

கிரகணப் பாடம் வந்தபோது சுண்டெலிக்குப் பிடித்தது தவளை. சூரியனை ஒரு தவளை விழுங்குவதாக ஒரு தேசத்துக் கதை. எங்கள் ஓவியர் அதற்கு மேல் தன் குறும்பையும் சேர்த்திருந்தார்: வாய் சுட்டுப்போய், கண் பிதுங்கி, காதில் புகை வந்து, தவளை சூரியனைத் "தூ" என்று துப்பும். சுண்டெலி உருண்டு புரண்டு சிரித்தாளாம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்து தடவை போடச் சொன்னாளாம்.

பாடம் ஏழு விநாடி நீண்டுவிட்டது. துப்புகிற இடம் சரியாக ஏழு விநாடி. கடைசியில் நான் வாசித்த ஒரு வாக்கியமும் ஏழு விநாடி. அதற்கு முந்தைய வாக்கியம் இது: "சூரியன் முழுதாக மறைந்து இருட்டும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம்." அடுத்து வர வேண்டியது: "ஆனால் நம் ஊரில் முழுதாக மறையாது; அதனால் ஒரு கணம்கூட வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது."

"மட்டும்னு சொல்லியாச்சுல்ல? அது போதும்டி" என்றாள் கத்தரி.

"போதும் போதும், பசிக்குது, வா" என்றேன் நான். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? தவளை தங்கியது, வாக்கியம் போனது.

கிரகணம் ஒரு விடுமுறைக் காலையில் வந்தது. தங்கை வேலைக்குப் போயிருந்தாள். சுண்டெலி மொட்டை மாடிக்குப் போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தவளை கடித்த சூரியனைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, வாசிக்கும்போது எழுத்துக்கு நடுவில் ஓட்டை தெரிகிறது என்றாள். வலது கண்ணில் ஒரு புள்ளி. எதைப் பார்த்தாலும் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. "சில மாசம் பொறுத்துப் பாப்போம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் கண் டாக்டர்.

"யாருடி உன்னைப் பாக்கச் சொன்னா?" என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"பெரியம்மா படத்துல பாக்கலாம்னு சொன்னாங்க."

தங்கை உடனே போன் செய்தாள். "உன் படத்துல அப்படியா இருக்கு, அக்கா?" கத்தரி மென்று விழுங்கி, "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். பாத்துட்டாம்! அந்தப் படத்தின் ஒவ்வொரு விநாடியும் அவள் விரல் நுனியில் இருந்தது. நேரே நாலுநிமிஷத்திடம் ஓடினாள். அவர் முகம் வெளுத்தது. எங்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அந்த வாக்கியத்த ஒட்டுங்க. தவளைய வெட்டுங்க. பழைய படத்த எடுத்துட்டு அதே இடத்துல புதுசப் போட்டுடுவோம். யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது."

அரை மணி நேரத்தில் கத்தரியே அதைச் செய்து முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் எத்தனை வீட்டு மாடியில் எத்தனை பிள்ளைகள் நின்றார்களோ, அதை நாங்கள் மூவருமே பேசவில்லை.

அன்று ராத்திரி நடந்ததை மறுநாள் அவள் சொன்னாள். தங்கை படத்தைப் போட்டுப் பார்த்தாளாம். "பார்க்கக் கூடாது" என்று என் குரல் கணீரென்று சொல்லியிருக்கிறது.

"இவ்ளோ தெளிவாச் சொல்றாங்க. பண்றதையும் பண்ணிட்டுப் பொய் வேறயா?" என்று பளாரென்று ஓர் அறை விட்டாளாம்.

சுண்டெலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இது அந்தப் படம் இல்லம்மா. இதுல தவளை துப்பவே இல்ல" என்றாளாம்.

"கதை கட்டாத!" இன்னொரு அறை.

"நீ எங்க இருந்த?" என்று கேட்டேன்.

"அங்கதான்டி. சாப்பிட்டுட்டு இருந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் விரல் மேசையைத் தட்டவே இல்லை. சுண்டெலி பெரியம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் "பொய் சொல்லிட்டுக் கண்ணக் கெடுத்துக்கிட்டியே" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் என்னால் தாங்க முடியவில்லை.

"நீயே போய்ச் சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லவா?"

"என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாடி."

"விடலன்னா வெளியில நில்லு! அந்தப் புள்ள எத்தன நாளைக்கு வெளியில நிக்கும்?"

சாயந்திரம் வேலை முடிந்து இருவரும் போனோம். அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்த தங்கையிடம், "நான் கத்தரிக்காவோட வேலை பாக்குறேம்மா" என்றேன். கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த சுண்டெலி நிமிர்ந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடி, வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். புள்ளி போய்விட்டதா என்று யாரைப் பார்த்தாலும் அப்படிச் செய்து பார்ப்பாளாம்.

"முகம் தெரியல. ஆனா இந்தக் குரல் தெரியும். பாக்கலாம்னு சொன்னது நீங்கதான?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

கத்தரி போனை எடுத்தாள். வெட்டிய எதையும் அவள் அழிப்பதில்லை, பழைய படம் அதில் இருந்தது. ஓட விட்டாள். தவளை விழுங்கியது, கண் பிதுங்கியது, "தூ" என்று துப்பியது.

"துப்புது பாரும்மா! துப்புது பாரு!" சுண்டெலி துள்ளினாள். கண்ணைப் பற்றிய நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை. என் குரல் "பார்க்கலாம்" என்றது. படம் முடிந்துவிட்டது.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் அவள அடிச்சப்ப நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுதான இருந்த?"

"ஆமா."

"சோறு எறங்குச்சா உனக்கு?"

சுண்டெலி கத்தரியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நான் பொய் சொல்லலதான, பெரியம்மா?"

கத்தரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ சொல்லலடா. நான்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். ஏழு விநாடி, மட்டும் என்ற வார்த்தை, என் பசி, சாத்திய கதவு, ஒட்டிய வாக்கியம், தட்டில் இருந்த சோறு, எதையும் விடவில்லை. நடுவில் மூக்கைச் சிந்தினாள், திக்கினாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சுண்டெலி அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். எழுந்து போகவில்லை.

தங்கை கடைசியில் கதவைத் திறந்து பிடித்தாள். "நாளையிலேருந்து சாப்பிட வராதக்கா."

கத்தரி தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினாள். படியில் பாதி இறங்கியபோது மேலே கம்பிக்குப் பின்னால் சுண்டெலி வந்து நின்றாள். இடது கண்ணை மூடிக்கொண்டு பெரியம்மாவையே பார்த்தாள்.

"தெரியுதாடா?" என்றாள் கத்தரி.

"இல்ல பெரியம்மா. நீ பேசு."